கீழ்த்தளத்து மிச்சக் கதை

துறைமுகத்தில் எல்லோரும் அவளைக் கப்பலக்கா என்றுதான் கூப்பிட்டார்கள். அவளைவிட வயதில் மூத்த சுமை தூக்குகிறவர்கள்கூட அக்கா என்றார்கள். அவளுக்கு அதில் வருத்தமில்லை. பழைய துறைமுகத்தின் கல்கரையோரம் மூன்று பாய்மரங்களோடு நின்ற அருங்காட்சியகக் கப்பலுக்கு அவள்தான் வழிகாட்டி. தற்காலிக வேலை என்று சொல்லித்தான் சேர்த்தார்கள். தலை நரைக்க ஆரம்பித்த பிறகும் அந்தத் தற்காலிகம் முடிந்தபாடில்லை.

அந்தக் கப்பல் வாழ்ந்து பார்த்த கப்பல். பாய்களை மட்டுமே நம்பி, மரமும் உப்பும் கம்பளியும் ஏற்றிக்கொண்டு பாதி உலகத்தைச் சுற்றி வந்தது. நீராவிக் கப்பல்கள் வந்ததும் பாய்களைக் கழற்றிவிட்டு அதை நிலக்கரிக் கிடங்காக்கினார்கள். அதுவும் வேண்டாமென்று உடைக்கப் போனபோது ஊரில் சில புண்ணியவான்கள் குறுக்கே விழுந்து தடுத்தார்கள். அன்றிலிருந்து கரையோடு கட்டிப்போட்டு, பலகைக்கு எண்ணெய் பூசி, வருகிறவர் போகிறவருக்குக் காட்டிக்கொண்டிருந்தார்கள். கப்பல் கடலைப் பார்த்து ஒரு ஆயுசு ஆகிவிட்டது. கப்பலக்காவோ கடலுக்குள் போனதே இல்லை. புயலையும் அலையையும் பற்றி நாளெல்லாம் தொண்டை வற்றப் பேசுவாள். சாயங்காலம் ஆனதும் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு தம்பி வீட்டு மாடி அறைக்கு நடந்து போய்விடுவாள்.

பேச்சில் அவளை மிஞ்ச ஆள் கிடையாது. கையடக்க ஒலிபெருக்கி ஒன்றை வைத்துக்கொண்டு மேல்தளத்தில் கூட்டத்தை நிறுத்தி, பாய்மரத்தில் ஏறி விழுந்தவன், சுக்கானைப் பிடித்தபடியே தூங்கினவன் என்று ஒவ்வொருவனையும் கண்முன்னால் நிறுத்துவாள். கடைசியாக வருவது கேப்டன் மனைவியின் கதை. நிறைமாதக் கர்ப்பிணி. நடுக்கடல். மூன்று நாளாக ஓயாத புயல். கப்பலில் வேறு பெண் இல்லை, மருத்துவர் இல்லை. பிரசவ வலி எடுத்ததும் கேப்டன் ஓடிப்போய்க் கூப்பிட்டது பாய் தைக்கிற ஆளை. ஊசி பிடித்துப் பழகிய கை என்பதுதான் அந்த மனுஷனிடம் இருந்த ஒரே தகுதி. அவன் கையைக் கழுவிக்கொண்டு அறைக்குள்ளே போகிறான், கதவு சாத்துகிறது. அந்த இடத்தில் கப்பலக்கா ஒலிபெருக்கியை அணைத்துவிடுவாள்.

"மிச்சத்தக் கீழ சொல்றேன். தலையைக் குனிஞ்சுக்குங்க, இந்த வாசல் யாருக்கும் மரியாதை கொடுக்காது."

கூட்டம் வாயைப் பிளந்துகொண்டு அவள் பின்னால் இறங்கும். கீழ்த்தளம் தாழ்வானது, ஒலிபெருக்கி போட்டால் காது கிழியும். அதனால் அங்கே மெல்லிய குரலில்தான் பேசுவாள். அத்தனை வருஷத்தில் பாதியில் விட்டுப் போனவர் ஒருவரும் இல்லை என்பதில் அவளுக்கு ரகசியமாக ஒரு கர்வம் உண்டு.

கப்பலுக்கு அடுத்து நிற்பது ஒரு இழுவைப் படகு. பெரிய கப்பல்களைத் துறைமுகத்துக்குள் இழுத்து வந்து சேர்ப்பதும் வெளியே கொண்டுபோய் விடுவதும் அதன் வேலை. அதன் கேப்டன் அகலமான தோளும் வெளுத்த தாடியுமாக இருப்பார். மனைவி இறந்து பல வருஷம் ஆகிறது, பிள்ளை குட்டி இல்லை என்று துறைமுகத்தில் பேசிக்கொள்வார்கள். வேலை இல்லாத நேரத்தில் மடக்கு நாற்காலியைப் போட்டுக்கொண்டு படகின் தளத்தில் உட்கார்ந்திருப்பார். கப்பலக்கா கடந்து போனால் ஒரு விரலைத் தூக்குவார். அதுதான் வணக்கம். அதற்கு மேல் ஒரு வார்த்தை கிடையாது. அவள் வீட்டில் அவருக்கு 'முசுடு' என்று பெயர் வைத்திருந்தாள். முசுடு இன்னைக்கு விரலைத் தூக்குச்சா, இல்ல அதுக்கும் லீவா என்று தம்பி மனைவி சாப்பாட்டு மேசையில் கேட்பது வழக்கமாகிவிட்டது. அவள் விரல் கணக்கு கேட்கும் தினுசில் தம்பிக்குச் சிரிப்பு வந்துவிடும். கப்பலக்காவுக்கு ஏனோ அவ்வளவாகச் சிரிப்பு வராது.

அந்த வருஷம் கப்பலுக்கு உடம்பு கெட்டுப்போனது. மழை இல்லாத நாளிலும் அடித்தளத்தில் தண்ணீர் நின்றது. முக்குளிப்பவர் ஒருவர் இறங்கிப் பார்த்துவிட்டு மேலே வந்து உதட்டைப் பிதுக்கினார். அடிப்பலகைகள் இற்றுப்போயிருந்தன. கப்பலை மொத்தமாகத் தண்ணீரிலிருந்து வெளியே எடுத்துத்தான் மாற்ற வேண்டும். கப்பலை உள்ளே விட்டுத் தண்ணீரை வடிக்கிற பெரிய தொட்டி அந்தத் துறைமுகத்தில் இல்லை. கடலோரமாகவே ஒரு பகல் முழுக்க இழுத்துக்கொண்டு போனால் வரும் பக்கத்துத் துறைமுகத்தில்தான் இருந்தது. விட்டுவிட்டால் கரையில் நின்றபடியே முழுகிவிடும். இழுத்தால் வழியில் முழுகலாம். அருங்காட்சியக மேலாளர் நகத்தைக் கடித்துக்கொண்டே இரண்டாவதைத் தேர்ந்தெடுத்தார். காற்று அடங்கிய பருவம் பார்த்து நாள் குறித்தார்கள். இழுக்கப் போவது பக்கத்துப் படகு.

இழுபடும் கப்பலில் மூன்று பேராவது இருக்க வேண்டும் என்பது விதி. பலகையைக் கவனிக்கத் தச்சர் வந்தார். தண்ணீர் இறைக்க பம்பு மெக்கானிக் வந்தான். எதைச் சொன்னாலும் 'அது ஒரு விஷயமே இல்ல' என்பவன் அவன். மூன்றாவது ஆள் ஒரு பழைய மாலுமி. அவருக்குப் புறப்படுவதற்கு முதல் நாள் இடுப்பு பிடித்துக்கொண்டது. மேலாளர் போனை எடுத்துக்கொண்டு அங்கேயும் இங்கேயும் அலைவதைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்த கப்பலக்கா, நான் போகிறேன் என்றாள்.

மேலாளர் அவளுக்கு நீச்சல் தெரியாது என்பதை எடுத்துச் சொன்னார். கடல் ஒத்துக்கொள்ளாது என்றார். வயதைக்கூட லேசாகத் தொட்டுப் பார்த்தார்.

"ஆபரேஷனுக்குப் போற ஆளத் தனியா அனுப்புவாங்களா சார்?" என்றாள் அவள். "இத்தன வருஷம் இது போட்ட சோத்தத் தின்னிருக்கேன். கூடப் போகலன்னா நான் என்ன மனுஷி?"

மேலாளர், இழுவைக் கேப்டன் சம்மதித்தால் சரி என்று நழுவினார். கேப்டன் வந்து அவளை ஒரு பார்வை பார்த்தார். அவ்வளவு கிட்டத்தில் அவரை அவள் பார்த்ததில்லை. கண்ணைச் சுற்றி வெயில் கீறிய கோடுகள். முசுடு என்று சொல்ல முடியாத, கூச்சப்படுகிற முகம்.

"வரட்டும்" என்றார் மேலாளரிடம். பிறகு அவளிடம், "தண்ணி அளவு நான் எப்பக் கேட்டாலும், இருக்கிறத இருக்கிறபடி சொல்லணும். கூட்டவும் வேணாம், குறைக்கவும் வேணாம். அது போதும்."

அவர் அவளிடம் பேசிய முதல் பேச்சு அதுதான். வீட்டில் சொன்னபோது தம்பி மனைவி, முதல் பேச்சே கட்டளையா என்று மோவாயில் கை வைத்தாள். பிறகு எலுமிச்சம்பழம், பிளாஸ்டிக் பைகள், கம்பளித் துண்டு என்று ஒரு மூட்டையைக் கட்டி நீட்டினாள். நீட்டும்போது கண் கலங்கியிருந்தது. "அண்ணி, ஏதாவதுன்னா கப்பலாவது கத்தரிக்காயாவதுன்னு விட்டுட்டு வந்துடணும். வேற கப்பல் கிடைக்கும். அண்ணி கிடைக்க மாட்டீங்க" என்றாள்.

விடியும்போது கயிறுகளை அவிழ்த்தார்கள். கரையில் ஒரு சின்னக் கூட்டம் நின்று கைதட்டியது. முன்னால் இழுவைப் படகு உறுமியது. இரண்டுக்கும் நடுவில் தொய்ந்து கிடந்த தொடை பருமன் வடம் மெல்ல மெல்ல நிமிர்ந்து நீரைச் சொட்டியது. கப்பல் அசைந்தது. அசையும்போது அது அடிவயிற்றிலிருந்து ஒரு சத்தம் கொடுத்தது. நீண்ட நாள் படுக்கையில் கிடந்தவர் எழுந்து உட்காரும்போது வருகிற முனகல் போல. அத்தனை வருஷம் அதோடு குடித்தனம் நடத்திய கப்பலக்கா கேட்காத சத்தம் அது. அவளுக்கு மயிர்க்கூச்செறிந்தது. தச்சர் தூணைத் தட்டிக் கொடுத்தார்.

துறைமுக வாயைத் தாண்டியதும் கடல் தன் வேலையைக் காட்டியது. அப்படியொன்றும் பெரிய அலை இல்லை. ஆனால் தளம் மூச்சு விடுவதுபோல ஏறி இறங்கியது. அலைகளைப் பற்றிக் கூட்டம் கூட்டமாக மனிதர்களுக்கு வகுப்பெடுத்தவள், கைப்பிடிச் சுவரைக் கட்டிக்கொண்டு காலையில் சாப்பிட்டதையெல்லாம் கடலுக்குக் கொடுத்தாள். எலுமிச்சம்பழத்தை முகர்ந்தாள். மறுபடியும் கொடுத்தாள். அது ஒரு விஷயமே இல்ல அக்கா என்றான் மெக்கானிக். அவளுக்கு அவனை ஓர் அறை விட வேண்டும்போல இருந்தது, கையை எடுக்கத்தான் தைரியம் வரவில்லை. ஆனாலும் வயிறு புரண்ட அந்த நேரத்தில் மனசு மட்டும் குதித்தது. தலைக்கு மேலே பாய் இல்லாத மரங்கள் ஆகாயத்தில் வட்டம் போட்டன. பலகைக்குப் பலகை கிறீச்சிட்டுப் பேசிக்கொண்டது. தான் சொன்னதெல்லாம் பொய்யில்லை என்று அவளுக்கு அப்போதுதான் உறைத்தது.

அவளுக்குக் கொடுத்த வேலை எளிது. அடித்தளத்தில் ஒரு கோலை நட்டு, தச்சர் அதில் பச்சை, மஞ்சள், சிவப்பு என்று பட்டை பட்டையாக வண்ணம் அடித்திருந்தார். அவ்வப்போது ஏணியில் இறங்கி, டார்ச் அடித்து, தண்ணீர் எந்த நிறத்தில் நிற்கிறது என்று பார்க்க வேண்டும். பார்த்து வந்து வயர்லெஸில் சொல்ல வேண்டும். 'கப்பல், கப்பல்' என்று அவர் கூப்பிடுவார். அவள், 'கேக்குது, பச்சை' என்பாள். அவர், 'சரி' என்பார். முற்பகல் முழுக்க அவர்களுக்குள் நடந்த பேச்சு அவ்வளவுதான்.

மதியத்துக்கு மேல், யாரும் எதிர்பார்க்காத பக்கத்திலிருந்து காற்று எழுந்தது. கடல் கறுத்தது. அலைகள் பக்கவாட்டில் வந்து மோத, கப்பல் அலுத்துப்போனதுபோலச் சாய்ந்து நிமிர்ந்தது. ஒவ்வொரு சாய்விலும் பலகை இடுக்குகள் வாயைத் திறந்து மூடின. அவள் இறங்கிப் பார்த்தபோது தண்ணீர் பச்சையைத் தாண்டி மஞ்சளில் ஏறியிருந்தது. சொன்னாள். அவர் சரி என்றார். அடுத்த முறை மஞ்சளின் நடு. அடுத்த முறை பார்க்கும்போது பம்பின் சத்தமே நின்றுபோயிருந்தது. பழைய நிலக்கரித் தூள் அடியில் எங்கேயோ படிந்து கிடந்திருக்கிறது. கப்பல் ஆடிய ஆட்டத்தில் கலங்கி, குழாயை அடைத்துக்கொண்டது. மெக்கானிக் முழங்காலளவு தண்ணீரில் நின்று குழாயைக் கழற்றிக்கொண்டிருந்தான். இந்த முறை அது ஒரு விஷயமே இல்லை என்று அவன் சொல்லவில்லை. தச்சர் பெரிதாக ஒழுகும் இடுக்கில் தார் தோய்த்த நாரை வைத்து உளியால் அடித்துத் திணித்துக்கொண்டிருந்தார். அவர் தாடையிலிருந்து வேர்வையும் கடலும் சேர்ந்து வடிந்தன.

கோலில் தண்ணீர் சிவப்பைத் தொட்டுக்கொண்டு நின்றது.

சிவப்புக்கு என்ன அர்த்தம் என்று புறப்படும்போதே சொல்லியிருந்தார்கள். சிவப்பு வந்தால் மூன்று பேரையும் இழுவைப் படகுக்கு ஏற்றிக்கொண்டு வடத்தை விட்டுவிட வேண்டும். இல்லையென்றால் முழுகுகிற கப்பல் இழுக்கிற படகையும் சேர்த்துக் கீழே கொண்டுபோய்விடும். அவள் ஏணியில் ஏறி மேலே வந்தாள். முன்னால் இழுவைப் படகு அலையில் மறைந்து மறைந்து தெரிந்தது.

"கப்பல், கப்பல். தண்ணி?"

அவள் வயர்லெஸை வாயருகே வைத்துக்கொண்டு நின்றாள். மஞ்சள் என்று சொன்னால் போதும். இன்னும் கொஞ்ச நேரம் கிடைக்கும். தச்சர் இடுக்கை அடைத்துவிடுவார், பம்பு ஓடிவிடும், யாருக்கும் தெரியாது. ஒரே ஒரு சொல். அவள் கை பலகை மேல் இருந்தது. அந்தப் பலகையை எத்தனை முறை துடைத்திருக்கிறாள். அந்தப் படகில் அவரோடு இன்னும் நான்கு பேர் இருப்பதும் நினைவுக்கு வந்தது.

"சிவப்பு" என்றாள். "சிவப்பத் தொட்டுடுச்சு. பம்பு நின்னுபோச்சு. சரி பண்றாங்க."

அவர் வடத்தை விடச் சொல்லப்போகிறார் என்று அவள் கண்ணை மூடிக்கொண்டாள்.

"தொட்டிருக்கா, தாண்டியிருக்கா?"

"தொட்டிருக்கு."

"சரி. நீங்க சொல்றத நம்பித்தான் முடிவெடுக்கிறேன். அந்த முனை தெரியுது பாருங்க, விளக்குத் தூண் இருக்கிற முனை. அதுக்குப் பின்னால காத்து இருக்காது. மெதுவா அங்க கொண்டுபோறேன். அதுக்குள்ள சிவப்பு முழுகிட்டா எல்லாரும் இறங்கிடணும். நீங்க முதல்ல. சரியா?"

சரி என்றாள். இழுவைப் படகு வேகத்தைக் குறைத்து, மெல்ல முகத்தைத் திருப்பியது. கப்பலும் முரண்டு பிடித்துக்கொண்டு திரும்பியது. அவள் இறங்கிப் பார்த்தாள், ஏறிச் சொன்னாள்; இறங்கினாள், ஏறினாள். சிவப்பின் விளிம்பிலேயே தண்ணீர் அலம்பிக்கொண்டிருந்தது. ஏறி இறங்கிக் களைத்து, ஏணியின் மேல்படியில் கொஞ்சம் உட்கார்ந்துவிட்டாள். அப்போது வயர்லெஸ் கரகரத்தது.

"கப்பல், கப்பல். ஒண்ணு கேக்கணும்."

"கேளுங்க."

"அந்தக் குழந்தை பொழைச்சுதா?"

அவளுக்கு ஒன்றும் புரியவில்லை. எந்தக் குழந்தை என்றாள்.

"கேப்டன் சம்சாரம். பாய் தைக்கிறவரு உள்ள போறாரு, கதவு சாத்துது. அங்க மைக்க அணைச்சிட்டு நீங்க எல்லாரையும் கூட்டிக்கிட்டு கீழ போயிடுவீங்க. இத்தன வருஷமா எனக்கு அது வரைக்கும்தான் கேக்கும்."

கப்பலக்கா வயர்லெஸைப் பார்த்தாள், அதற்குள்ளே யாரோ உட்கார்ந்திருப்பதைப்போல. மடக்கு நாற்காலி கண்முன்னால் வந்தது. அது எப்போதும் கப்பலைப் பார்த்தே போட்டிருந்ததும் அப்போதுதான் நினைவுக்கு வந்தது.

"ஒரு டிக்கெட் எடுத்துட்டு வந்து கேட்டிருக்கலாமே" என்றாள்.

"வந்திருக்கலாம். கதை முடிஞ்சு போயிடுமேன்னு விட்டுட்டேன்" என்றார் அவர். பிறகு, "இப்ப சொல்லுங்க. முனைக்குப் போக நேரம் இருக்கு. சொல்லிக்கிட்டே தண்ணியும் பாருங்க" என்றார்.

அவள் சொன்னாள். தொண்டையைச் செருமிக்கொண்டு, ஏணிப் படியில் உட்கார்ந்து, ஒரு கையில் டார்ச்சும் மறு கையில் வயர்லெஸுமாகச் சொன்னாள். குழந்தை பிறந்து அழவே இல்லை. பாய் தைக்கிறவன் அதைத் தலைகீழாகப் பிடித்து முதுகில் தட்டியிருக்கிறான், அதுவும் அவனுக்கு யாரும் சொல்லித்தரவில்லை. அப்புறம் அழுதது பாருங்கள், புயல் சத்தத்தை மீறி மேல்தளத்தில் சுக்கான் பிடித்தவனுக்குக் கேட்டிருக்கிறது. பெண் குழந்தை. சுண்டுவிரல் நுனி அளவு மூக்கு. குளிருக்கு அதை மாவுப் பெட்டியில் வைத்து, சமையலறை அடுப்புப் பக்கத்திலேயே வைத்திருந்தார்கள். முரட்டு மாலுமிகள் முறை வைத்துக்கொண்டு ஆளுக்குக் கொஞ்ச நேரம் அதைப் பார்த்துக்கொண்டார்கள். பாய்த் துணியில் அதற்கொரு தொட்டில் தைத்துக் கொடுத்தான் அந்த மனுஷன். கப்பல் ஆடும்போதெல்லாம் தொட்டில் தானே ஆடியது. யாரும் ஆட்டிவிட வேண்டியிருக்கவில்லை.

நடுவில் நிறுத்தி, "சிவப்புதான், ஏறல" என்பாள். அவர், "சரி, அப்புறம்?" என்பார்.

"அப்புறம் என்ன. ஊர் ஊராப் போய் கரை சேர மாசக்கணக்கு ஆயிடுச்சு. கரையில இறக்கினதும் குழந்தை ஒரே அழுகை. என்ன பண்ணியும் நிக்கல. ஏன் தெரியுமா?"

"தெரியலயே."

"தரை ஆடல."

வயர்லெஸில் ஒரு சத்தம் வந்தது. அவர் சிரிக்கிறார் என்று புரிய அவளுக்கு ஒரு கணம் பிடித்தது. அந்த மனிதரின் சிரிப்பு எப்படி இருக்கும் என்று அவள் யோசித்துப் பார்த்ததே இல்லை. அது ஒரு இளைஞனின் சிரிப்பாக இருந்தது.

கீழே இருட்டில் ஏதோ இருமியது. பம்பு. இருமி, கறுப்புத் தண்ணீரைத் துப்பி, ஒரே சீராக ஓடத் தொடங்கியது. மெக்கானிக் கரிபிடித்த முகத்தோடு ஏணியடியில் வந்து நின்று, சொன்னேன்ல அக்கா என்றான். அவன் ஒன்றும் சொல்லியிருக்கவில்லை. அவள் அதைச் சுட்டிக்காட்டாமல் தம்பி மனைவி கொடுத்தனுப்பிய துண்டை அவனுக்குக் கொடுத்தாள். முனையைச் சுற்றி அமைதியான நீருக்குள் நுழைந்தபோது தண்ணீர் சிவப்பைவிட்டு இறங்கி மஞ்சளில் நின்றது. காற்று அடங்கும்வரை அங்கேயே காத்திருந்தார்கள். நன்றாக இருட்டிய பிறகு பக்கத்துத் துறைமுகத்தின் பழுதுபார்க்கும் தொட்டிக்குள் கப்பலைச் சேர்த்தாயிற்று.

கரையில் காலை வைத்ததும் அவளுக்குத் தரை நிற்காமல் ஆடியது. விழப்போனவளின் முழங்கையை ஒரு கை பிடித்துக்கொண்டது. கேப்டன். இன்னொரு கையில் ஒரு குவளை டீயும் உப்பு பிஸ்கட் பொட்டலமும். முதலில் பிஸ்கட்டைச் சாப்பிடுங்கள், அப்புறம் டீ என்றார். அவள் சாப்பிட்டு முடிக்கும்வரை முழங்கையை விடவில்லை. விட்டபிறகு எங்கே பார்ப்பது என்று தெரியாமல் கப்பலைப் பார்த்தார்.

"சிவப்புன்னு சொன்னீங்களே," என்றார், "சொல்லியிருக்கலன்னா நான் அந்த முனைக்குத் திருப்பியிருக்க மாட்டேன். நேராவே போயிருப்பேன். அவ்வளவுதான்."

அவள் குவளையைத் திருப்பிக் கொடுத்தாள். பொய் சொல்லத் தோன்றியதை அவரிடம் பிறகு ஒரு நாள் சொல்லலாம் என்று நினைத்துக்கொண்டாள். பிறகு ஒரு நாள் என்று நினைத்ததில் அவளுக்கே வியப்பாக இருந்தது.

மறுநாள் தொட்டியின் தண்ணீரை முழுதாக வடித்தார்கள். பக்கவாட்டில் மரக்கட்டைகள் முட்டுக்கொடுக்க, கப்பல் தரையில் நின்றது. கப்பலக்கா படிக்கட்டில் இறங்கி அடியில் போனாள். மேலே பார்த்துப் பார்த்துப் பழகிய கப்பலுக்குக் கீழேயும் இவ்வளவு இருக்கும் என்று அவள் நினைத்திருக்கவில்லை. வயிறு பெருத்து வளைந்து, பாசியும் சிப்பியும் அப்பிக்கொண்டு, ஒரு பெரிய விலங்கு அசந்து தூங்குவதுபோல நின்றது. இற்றுப்போன பலகைகளைத் தச்சர் சுண்ணாம்புக்கட்டியால் குறி போட்டுக்கொண்டே போனார். அவள் கையை வைத்துப் பார்த்தாள். ஈரமாகவும் குளிர்ச்சியாகவும் இருந்தது.

கேப்டனும் இறங்கி வந்தார். ஊருக்குத் திரும்பவில்லையா என்று கேட்டாள். கிளம்பணும் என்றார், கிளம்பவில்லை. தொப்பியைக் கழற்றினார், மாட்டினார். பிறகு கப்பலின் அடிப்பலகையைப் பார்த்துக்கொண்டே பேசினார்.

"எனக்குச் சுத்தி வளைச்சுப் பேசத் தெரியாது. வீட்ல சத்தமே இல்லாம இருந்து பழகிப்போச்சு. உங்க குரல் இல்லாத அன்னைக்கு, உங்களுக்கு லீவு நாள்ல, அந்தத் துறைமுகம் எனக்குப் பிடிக்கறதில்ல. அத உங்ககிட்ட சொல்லணும்னு தோணுச்சு."

தச்சர் சட்டென்று கப்பலின் மறுபக்கத்தில் ஏதோ அவசர வேலை இருப்பதாகக் கண்டுபிடித்து அங்கே போய்விட்டார்.

"நான் நிறையப் பேசுவேன்" என்றாள் அவள், எச்சரிப்பதுபோல.

"தெரியும். கேட்டுக்கிட்டுத்தானே இருக்கேன்."

அவள் சிரித்துவிட்டாள். சிரித்தபிறகு பதில் சொல்ல வேறெதுவும் மிச்சமில்லை என்று தோன்றியது. அவருக்கும் அது புரிந்திருக்க வேண்டும். தொப்பியை மறுபடியும் கழற்றி, இந்த முறை கையிலேயே வைத்துக்கொண்டார்.

பழுது வேலை மாசக்கணக்கில் இழுத்தது. கப்பலோடு ஒருவர் இருக்க வேண்டும் என்று மேலாளர் கப்பலக்காவை அங்கேயே இருக்கச் சொன்னார். தொட்டிக்குப் பின்னால் ஒரு அறை கொடுத்தார்கள். ஓய்வு நாள் கிடைக்கும்போதெல்லாம் கேப்டன் பஸ் ஏறி வந்தார். வளைந்து வளைந்து வரும் மலைப்பாதை. கடலில் எத்தனையோ புயலைப் பார்த்தவர் வெளிறிப்போய் இறங்குவார், வாசலிலேயே கொஞ்ச நேரம் குந்தியிருப்பார். கப்பலக்கா எலுமிச்சம்பழத்தைக் கீறி நீட்டுவாள். அந்த விஷயத்தில் இருவரும் சரிக்குச் சரி என்று ஆனதில் அவளுக்கு உள்ளூர ஒரு திருப்தி. அப்படி வந்த ஒரு நாளில்தான், மஞ்சள் என்று சொல்ல வாயெடுத்ததை அவரிடம் சொன்னாள். தெரியும் என்றார் அவர். பதில் வர அவ்வளவு நேரமானதிலேயே தெரிந்ததாம்.

போனில் தெரிந்துகொண்டது போதாதென்று தம்பி மனைவி நேரிலேயே வந்து இறங்கினாள், தம்பியையும் இழுத்துக்கொண்டு. முசுடை நேரில் பார்த்து நாலு கேள்வி கேட்காமல் போவதில்லை என்று கங்கணம் கட்டிக்கொண்டு வந்திருந்தாள். கேட்டாள். சொந்த வீடா, சமைக்கத் தெரியுமா, கோபம் வருமா. ஆமாம், தெரியும், வராது என்று மூன்று வார்த்தையில் அவர் முடித்துவிட்டார். தம்பி மனைவிக்கு மேற்கொண்டு எந்தப் பக்கம் பிடிப்பதென்று தெரியவில்லை. அறை வாசலில் பலகை போட்டு நால்வரும் உட்கார்ந்திருந்தார்கள். கப்பலக்கா, புதுப் பலகையை எப்படி ஆவியில் வேகவைத்து வளைக்கிறார்கள் என்று கையை ஆட்டி ஆட்டிச் சொல்லிக்கொண்டிருந்தாள். கேப்டன் மடியில் வைத்து ஒரு ஆரஞ்சுப் பழத்தை உரித்தார். நாரை ஒன்றுவிடாமல் எடுத்து, சுளை சுளையாக, அவள் ஆட்டாத கையின் உள்ளங்கையில் வைத்துக்கொண்டே வந்தார். அவளும் பார்க்காமலேயே எடுத்து வாயில் போட்டுக்கொண்டு பேசிக்கொண்டே போனாள். தனக்கென்று அவர் ஒரு சுளைகூட எடுத்துக்கொள்ளவில்லை.

தம்பி மனைவி இதைக் கடைசிச் சுளை வரைக்கும் பார்த்தாள். பிறகு எழுந்து புடவையைத் தட்டிக்கொண்டு, "கெளம்பலாங்க, பஸ்ஸுக்கு நேரமாச்சு" என்றாள் கணவனிடம். இன்னும் கேள்வி பாக்கி இருக்கிறதா என்று தம்பி கேட்டதற்கு, எல்லாம் கேட்டாச்சு என்றுவிட்டாள். போகிற பஸ்ஸிலேயே எந்த மாதம், யார் யாரைக் கூப்பிடுவது என்று இருவரும் பேசி முடித்துவிட்டார்களாம்.

கப்பல் தண்ணீரில் இறங்கிய வாரத்தில் கல்யாணமும் நடந்தது. பதிவு அலுவலகத்தில், சின்னதாக. தச்சரும் மெக்கானிக்கும் சாட்சிக் கையெழுத்துப் போட்டார்கள். வீடு திரும்பும் பயணத்துக்கு அதே இழுவைப் படகுதான். இந்த முறை கப்பலில் போக வேறு ஆட்கள் கிடைத்திருந்தார்கள். அவர் அவளைத் தன் பக்கத்தில், படகின் மேலறையில் நிற்க வைத்தார். புறப்பட்டுக் கொஞ்ச தூரம் போனதும், பின்னால் திரும்பிப் பாருங்கள் என்றார்.

அவள் பார்த்தாள். நிமிர்ந்த வடத்தின் மறுமுனையில், புதுத் தார் பளபளக்க, மூன்று மரங்களும் ஆகாயத்தைத் தொட, அலையை இரண்டாகப் பிளந்துகொண்டு கப்பல் வந்துகொண்டிருந்தது. உள்ளே நின்றுகொண்டே அத்தனை வருஷம் பேசியவள், அது கடலில் வருவதை வெளியிலிருந்து அன்றுதான் பார்த்தாள். வாயிலிருந்து ஒரு சொல் வரவில்லை. கேப்டன் பக்கவாட்டில் அவளை ஒருமுறை பார்த்துவிட்டு, அவள் இன்னும் கொஞ்ச நேரம் பார்க்கட்டும் என்று வேகத்தைக் குறைத்தார்.